இரண்டு அரை

காடாம்புலியூரில் கரண்ட் வந்ததும்
முதலில் டிவிதான் கண் விழிக்கும், அப்புறம்தான் விளக்கு.
இந்த வருஷம் அதன் வாயைக் கட்டிவிட்டேன்.
தனவேல் பண்ருட்டியில் பலா லோடு இறக்கிவிட்டு
முதுகைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்.
அவருக்கு மேட்ச் வேண்டும். பார்க்கட்டும், சத்தமில்லாமல்.
விக்கெட் விழுந்தால் தொடையில் தட்டிக்கொள்கிறார்,
அதையும் மெதுவாக.

பவதாரிணியின் நோட்டை நான் தொடுவதில்லை.
முந்திரி ஓட்டுப் பால் விரலில் ஏறிப்
பதினோரு வருஷம்.
சாம்பல் போட்டுத் தேய்த்தாலும்
நகக்கண்ணில் கறுப்பு அப்படியே நிற்கும்.
ரேஷன் கடை மெஷினுக்கே என் கட்டைவிரல் தெரியவில்லை.
மூன்று தரம் வைத்துப் பார்த்துவிட்டு
'வீட்ல வேற யாரையாவது அனுப்பும்மா' என்கிறார்கள்.
அதனால் பக்கத்தை அவள் புரட்டுவாள்,
நான் பார்ப்பேன்.

'சத்தமா படி.'
பாத்திரம் தேய்க்கும் இடம்வரை குரல் வரவேண்டும்.
இங்கிலீஷில் அவள் தப்பாகப் படித்தாலும் எனக்குத் தெரியாது.
ரிவர் தெரியும், பிரிட்ஜ் தெரியும்.
போன வாரம் திங்கட்கிழமை
ஒரு பையன் பிரிட்ஜைத் தாண்டினான்.
செவ்வாயும் தாண்டினான்.
புதனும் தாண்டக் காலெடுத்தபோது
ஈரக்கையோடு வந்து நின்றேன்.
'ஏண்டி, அக்கரையில அவனுக்கு வேலையே இல்லையா?'
சிரித்துவிட்டாள். சிரித்தபடியே அழுதாள்.
அடுத்த பாடம் புரியலையாம்.
கேட்டால் பசங்க சிரிப்பாங்களாம்.

மறுநாள் அரைநாள் கூலியை விட்டுவிட்டுப்
பள்ளிக்கூடம் போனேன்.
பிளோரா டீச்சர் நாற்காலி இழுத்துப் போட்டார்.
கையைத் தலைப்புக்குள் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.
'வீட்ல யாரு சொல்லித் தர்றது?'
'யாருமில்லைங்க. நான் சும்மா
பக்கத்துல உக்காந்திருப்பேன்.'
சொல்லும்போதே கூசியது.
அவர் பேனாவை மூடினார்.
'எவ்வளவு நேரம்?'
இதுவரை யாரும் என்னிடம் கேட்காத கணக்கு.
'அவ எழுதி முடிக்கிற வரைக்கும்' என்றேன்.
'அந்தப் பாடத்தை நாளைக்கு மறுபடி எடுக்கிறேன்' என்றார்,
'எல்லாருக்குமா. அவ பேரு வராது.'

நேற்று பின்னம்.
இரண்டு அரை சேர்ந்தால் ஒன்று என்று எழுதிவிட்டு
என் முகத்தைப் பார்த்தாள், வழக்கம்போல.
எனக்குத் தலையாட்ட வரவில்லை.

ஷெட்டில் முழுப்பருப்புக்கு ஒரு டின்,
பிளந்ததற்கு ஒரு டின்,
துண்டுக்கு ஓரத்தில் ஒரு சட்டி.
கட்டை கொஞ்சம் ஓங்கி விழுந்தால் போதும்,
ஒன்று இரண்டாகிவிடும். மேஸ்திரி முகமும் மாறிவிடும்.
எத்தனை அரையை அள்ளிக் கொட்டினாலும்
முழுசின் விலை வந்ததே இல்லை.
சொன்னேன்.

'அப்போ புக்கு தப்பாம்மா?'

தனவேல் திரும்பிப் பார்த்தார்.
அவருக்குப் பின்னால் யாரோ அவுட்டாகிச்
சத்தமில்லாமல் வெளியே நடந்துகொண்டிருந்தான்.

'பரீட்சைக்குப் புக்குல உள்ளத எழுது.
இத டீச்சர்கிட்ட கேளு. நாளைக்கே கேளு.
என்ன சொன்னாங்கன்னு
சாயந்தரம் எனக்கு வந்து சொல்லணும்.'

கடைசிப் பக்கத்தைத் திறந்து பென்சிலால் எழுதினாள்.
ஃபேன் காற்றில் தாள் துள்ளியது.
'பிடிச்சுக்கம்மா.'
முழங்கையை வைத்தேன்.
'அய்ய, கையால பிடி. எழுத்து ஆடுது.'

வைத்தேன்.
எடுத்தபோது ஓரத்தில்
மெஷின் படிக்காத ரேகை, லேசாக.

அவள் ரப்பரை எடுத்தாள்.
நான் மூச்சைப் பிடித்தேன்.
'விலை'யில் 'ளை' போட்டிருந்தாள்,
அதை மட்டும் அழித்துவிட்டு ஊதினாள்.