வெள்ளம்

நாகலகம் வீதியில் ஆற்றை அடிக்கணக்கில் அளப்பார்கள்.
ஐந்தடி என்றால் பேச்சு மட்டும்.
ஆறடி என்றால் கட்டில் காலுக்குச் செங்கல்.
ஏழு என்றால் பாடசாலை மண்டபம், பாணும் பருப்பும்.
இப்போது ஆறேகால்.

ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ ஒன்று
முதலில் சிங்களத்தில், பிறகு தமிழில்,
வெள்ளம் என்கிறது.
என் கை என்னைக் கேட்காமல்
தண்ணீர்ப் போத்தலைத் தேடிப் போகிறது.

யூடித் சிரிக்கிறாள்.
ஆறு வீட்டுக்குள் வரப்போகுது, உங்களுக்குத் தாகமா அம்மா?

அவளுக்கு நான் சொன்னதில்லை.

ஓமானில் ஒரு வெள்ளிக்கிழமை, இரண்டு வண்டிகளில் போனோம்.
மூன்று மணி நேரம் கண்ணுக்கு ஒரு பச்சை இல்லை.
தோலுரித்த மலைகள், மணல், மறுபடி மலைகள்.
பிறகு தரை திடீரென்று வாயைப் பிளந்தது,
உள்ளே ஆறு.
எங்கள் களனியைப்போல
வாழைத்தண்டையும் பொலித்தீனையும் சுமந்துகொண்டு
கடலிடம் தயங்கித் தயங்கிப் போகிற ஆறு இல்லை.
சண்டைக்குப் போகிறவள் சேலையை இழுத்துச் செருகுவதுபோல்
இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒடுங்கி
படிபடியாய்க் குதித்தது.
அதன் சத்தம் காதில் அல்ல, நெஞ்செலும்பில் கேட்டது.

எனக்குத் தந்த வேலை, செருப்புகள்.
பதினொரு சோடி.
தட்டைப் பாறையில் அடுக்கிக் காவல் இருக்கவேண்டும்.
மேடத்தின் தங்க வார்ச் செருப்பு நடுவில்.
பிள்ளைகள் குதித்தார்கள்.
நானும், யாரும் பார்க்காத நேரம்,
ஒரு காலை மட்டும், கணுக்கால் வரை.
அவ்வளவு குளிரை
அந்தப் பாலைவனம் எங்கே ஒளித்து வைத்திருந்தது?

மேலே வண்டிகளோடு நின்றவர் குஞ்ஞுமோன், மலப்புறத்துக்காரர்.
அவருடைய பேச்சில் வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர்.
வந்த முதல்நாள், குறச்சு வெள்ளம், என்று கேட்டார்.
ஒரு கிளாஸ் வெள்ளத்துக்கு
நான் கிராண்ட்பாசுக்கா போவேன் என்று சிரித்தேன்.
இரண்டு வருடத்தில் பழகிவிட்டது.
அவர் வெள்ளம் என்றால் நான் போத்தல்.

அன்றும் கத்தினார்.
வெள்ளம்! வெள்ளம்!
வானம் கழுவிக் கவிழ்த்த கோப்பை. ஒரு முகில் இல்லை.
பாவம், வெயிலில் நிற்கிற மனிதர் என்று
போத்தலோடு பாறையில் ஏறத் தொடங்கினேன்.
அவர் தலையில் அடித்துக்கொண்டார்.
மலையைக் காட்டினார்.
மலைக்கு அப்பால் எங்கேயோ ஒரு மழை
எங்களுக்குத் தெரியாமல் பெய்து முடிந்திருந்தது.

திரும்பிப் பார்த்தேன்.
இளநீராய் இருந்த தண்ணீர் பால்தேத்தண்ணியாய் மாறிக்கொண்டிருந்தது.
அந்த நிறத்தை எனக்குத் தெரியும்.
எங்கள் வீட்டுச் சுவரில் நெஞ்சளவுக்குக் கோடு இழுத்த நிறம் அது.

அரபு வரவில்லை, தமிழ்தான் வந்தது.
வெள்ளம்! ஏறுங்கோ! ஏறுங்கோ!
இறங்கி ஓடி, சின்னவனை மணிக்கட்டில் பிடித்து
சாக்கைப்போல் இழுத்தேன்.
எல்லோரும் ஏறினோம்.
செருப்புகள் ஏறவில்லை.
தங்க வார் ஒருமுறை மின்னியது,
அடுத்த பாறையில் அதுவும் இல்லை.

அந்த மாதச் சம்பளத்தில் பதினெட்டு ரியால் குறைந்தது.
கணக்கு சரி, காவல் என் வேலை.
சின்னவனுக்கு யாரும் விலை போடவில்லை,
அவர்களும் இல்லை, நானும் இல்லை.

திரும்பும் வழியில் குஞ்ஞுமோன்
கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.
போத்தல் அப்போதும் என் மடியில்.
ஒன்றும் கேட்காமல் கையைப் பின்னால் நீட்டினார்.
கொடுத்தேன்.
ஒரே மூச்சில் குடித்தார்.

ஆறேமுக்கால் என்கிறது ஓட்டோ.
யூடித் செங்கல் தூக்குகிறாள்.
நான் போத்தல்களை நிரப்புகிறேன், இருக்கிற எல்லாவற்றையும்.
வெள்ளம் வந்தபின் குடிக்க வெள்ளம் இருக்காது என்றேன்.
விளங்காமல் பார்த்தாள்.

பிறகு வாசலுக்குப் போய்
செருப்புகளை எடுத்து அலுமாரியின் உச்சியில் வைக்கிறேன்.
மூன்று சோடி.
இன்னொருமுறை எண்ணுகிறேன்.