சாம்பல் துடைப்பவள்

யுத்தம் எங்கோ நடக்கிறது.
எண்ணூரில் அது
கப்பல் வராத நாளாய் வந்து சேரும்.

மூன்றாம் நாளும் நிலக்கரித் துறை வெறிச்.
கன்வேயர் ஓடாத இந்த அமைதியை
கழிமுகம் புயலுக்கு முன்தான் கேட்டிருக்கிறது.
ஆறரைக்குக் கரண்ட் போச்சு:
பர்மா நகர், நெட்டுக்குப்பம், தாழங்குப்பம்,
வரிசையாய் யாரோ ஊதி அணைத்த மாதிரி.

மீனவர் சங்கத்தில் மட்டும்
வயர்லெஸ் பெட்டியின் பச்சைப் புள்ளி அணையவில்லை.
"பன்னெண்டு பாகத்துல நிக்கிறோம்,
இன்ஜின் அவுட்டு."
பகலில் சேர்த்த வெயில்
எட்டியப்பன் குரலில் பேசியது.
ஏகவல்லி திசையைக் குறித்துக்கொண்டு
கடலோரக் காவலைக் கூப்பிட்டாள்.

எல்லை என்றால்
பனிமலையும் முள்வேலியும்தான் காட்டுகிறது டிவி.
இங்கே அது
ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேல் எட்டுப் பலகை.

படகு இழுபட்டு வந்தது. ஆள் வந்தான்.
மீன் நாறிப்போயிருந்தது;
ஐஸ் பாக்டரிக்கு எட்டுப் பலகை எந்த மூலைக்கு?

விடிந்ததும் ஏணி போட்டு ஏறினாள்.
பழைய நைட்டிக் கிழிசலை நனைத்து
பலகை பலகையாய்த் துடைத்தாள்.
கரியே எரியாத நாளில்
எங்கிருந்துடா வருது இவ்ளோ சாம்பல் என்று
புகைபோக்கியைப் பார்த்து
ஒரு கெட்ட வார்த்தை.