கைமாத்து

மணலி விரைவுச் சாலையில் டிரெய்லர்கள்
எஞ்சின் அணைக்காமல் உறங்குகின்றன.
பழைய கண்டெய்னரை அறுத்து
ஜன்னல் வைத்ததுதான் எங்கள் ஆபீஸ்.
உள்ளே ஒழுகும் ஏசி, கால் உடைந்த நாற்காலி,
பத்து வருஷமாய் ஓடுகிற சர்வர்.
அதில் செண்ட்ஓஎஸ் ஏழு.
ஆதரவு முடிந்ததென்று ஊருக்கே அறிவித்தார்கள்,
அதனிடம் யாரும் சொல்லவில்லை.
அது பாட்டுக்கு எடைமேடை பில் போடுகிறது.

விடிவதற்குள் குபர்நெட்டிஸ் ஏறியிருக்க வேண்டும் என்று
மதியமே சொல்லிவிட்டு
அண்ணாநகர் போய்விட்டார் முகுந்தன் சார்.

முதல் கட்டளைக்கே
முகவரியில் ஆளில்லை என்று வந்தது.
பழைய மூட்டைகளையெல்லாம்
வேறு கிடங்குக்கு மாற்றிவிட்டார்களாம்.
கிடங்கைத் தேடிப் பாதையைத் திருத்தியதில்
பன்னிரண்டே கால்.

கேட்டில் இருக்கும் நாகூர்கனி பாய்
டீயோடு வந்தார். 'இன்னாம்மா ஏத்துற?'
கண்டெய்னர் மேய்க்கிற சாஃப்ட்வேர், பாய்.
கிரேக்கத்தில் சுக்கான் பிடிப்பவன்னு அர்த்தமாம்.
'தூத்துக்குடித் தோணியில ஆறு வருஷம் ஓடினேன்.
அங்க அவனுக்குப் பேரு தண்டல்.'

எனக்குத் தெரிந்த தண்டல் வேறு.
எக்செல் வண்டி, ரப்பர் பேண்ட் போட்ட நோட்டு,
நூறு நாளைக்கு நூறு நூறாய்,
காலை ஏழரைக்குக் கேட்டு வாசலில் தேசப்பன்.

ஒன்றரைக்குச் சிவப்பில் ஒரு வரி:
ஸ்வாப் இயங்குகிறது. அணைத்துவிட்டு வா.

ஸ்வாப் வேறொன்றுமில்லை,
நினைவகம் பத்தாதபோது
வட்டிடம் வாங்குகிற கைமாத்து.
வட்டி கிடையாது, வேகம் குறையும், அவ்வளவுதான்.
எட்டு ஜிபியில் குடித்தனம் நடத்தியது
வேறு எப்படி என்று நினைக்கிறார்கள்?

அணைத்தேன்.
திரும்ப எழும்போது ஞாபகம் வராதிருக்க
அந்த வரிக்கு முன்னால் ஒரு ஹேஷ்.
தேசப்பன் நோட்டில் என் பக்கம் பதினேழு.
ஒரே ஒரு ஹேஷ் போட விட்டால் போதும்.

மூன்று பத்துக்கு மூச்சு முட்டியது.
கொல்வதற்கு ஒருவரைத் தேடிய கர்னல்
அதிகம் தின்கிறவன் என்று
எடைமேடை பில்லைத் தேர்ந்தெடுத்தது.
வெளியே ஒரு ஹாரன்.
பிறகு சாலை முழுக்க ஹாரன்.
ஜன்னலைத் தட்டினார் ஒரு டிரைவர்,
'யம்மா, சீட்டு வரல.'

ஹேஷை எடுத்தேன். கைமாத்தைத் திறந்தேன்.
பில் இருமிக்கொண்டு எழுந்தது.

விளக்கக் குறிப்பின் அடியில், யாரும் இறங்காத ஆழத்தில்
கிடந்தது ஒரு சின்ன அமைப்பு.
கடன் இருந்தால் வாசலிலேயே நிறுத்தவா என்று கேட்கும்.
பொய் என்று நிரப்பினால் உள்ளே விடும்.
நிரப்பினேன்.

தயாரில்லை.
தயாரில்லை.
பாய் கொட்டாவி விடுகிறார்.
தயாரில்லை.
நாலு நாற்பத்தாறுக்கு, எதையும் மாற்றாமலே,
தயார்.

சாருக்கு ஒற்றை வரியில் எழுதினேன், ஏறிவிட்டது.
எதன் மேல் என்று எழுதவில்லை.

ரிஃபைனரி வாசனையோடு வெயில் வந்தது.
டிரெய்லர்கள் நகர்ந்த இடத்தில்
எண்ணெய்க் கறை மட்டும், டயர் அகலத்துக்கு.

'தண்டல் வந்தாச்சும்மா' என்றார் பாய்.
எது என்று கேட்காமல் பர்ஸை எடுத்தேன்.
நூற்றுப் பத்து இருந்தது.
ராத்திரி டீக்குக் காசு தரவில்லை என்பது
அப்போதுதான் நினைவுக்கு வந்தது.