பதினேழும் பத்தொன்பதும்

வால்டிவியாவில் மூன்றாவது நாளாக மழை.
ஆய்வகத்துச் சன்னலுக்குக் கீழே
ஆற்று மிதவையில் கடல்சிங்கங்கள்
ஏப்பம் விடுவதுபோல் குரைக்கின்றன.
இன்றிரவு கட்டுரையை அனுப்பிவிடுவதாக
மில்லராய் அன்டிலெஃப் சொல்லியிருந்தாள்.

பதினெட்டு டிகிரி நீரில் வைத்த
சால்மன் குஞ்சுகளின் செவுளில்
ஒரு மரபணு நான்கு மடங்கு உரக்கப் பேசுகிறது.
இதுதான் செய்தி.
இரண்டு வருடச் செய்தி.

நான் தட்டுகளை நிரப்புகிறவன், சம்பளத்துக்கு.
சும்மா இருந்திருக்கலாம்.
படம் ஒட்டக் கோப்பைத் திறந்தபோது
கழித்தலுக்கு முந்தைய எண்கள் கண்ணில் பட்டன.
குளிர்ந்த மீனில் அந்த மரபணு
இருபத்தாறாம் சுழற்சியில் தலைகாட்டுகிறது.
வெதுவெதுத்த மீனிலும் இருபத்தாறு.
அசைந்தது அதுவல்ல,
அதை அளக்க வைத்த ஆக்டின்:
பதினேழிலிருந்து பத்தொன்பதுக்கு.

சுழற்சிக்கு ஓர் இரட்டிப்பு.
இரண்டு சுழற்சி பிந்தினால்
காலே அரைக்கால் இல்லை, சரியாகக் கால்.
முழம் சுருங்கியிருக்கிறது,
நாங்கள் துணி வளர்ந்ததாக எழுதிவிட்டோம்.

ஆக்டினை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை.
உறைபெட்டியில் அதன் பிரைமர் இருந்தது, அவ்வளவுதான்.
பராமரிப்பு மரபணு என்று பெயர்.
வெயிலோ பனியோ
ஒரே கூலிக்கு உழைக்கும் என்று நம்பிக்கை.
சூடு ஏறினால் செவுள்
தன் சுவரையே பிரித்து மாற்றும் என்று
யார் கேட்டோம் அதை?

அவள் மாத்தேயை உறிஞ்சி முடித்தாள்.
அழுவாள் என்று நினைத்தேன்.
"எட்டு," என்றாள். "எட்டைச் சோதிப்போம்."

டியூபுலின் தட்டுக்குத் தட்டு பேச்சை மாற்றியது.
பதினெட்டு எஸ் போட்ட சத்தத்தில்
வேறொன்றும் கேட்கவில்லை.
ரைபோசோம் புரதங்கள் இரண்டு மட்டும்
ஒன்றையொன்று விட்டு இம்மியும் விலகவில்லை;
கணினி இரண்டுக்கும் முதலிடம் தந்தது.
நான் நாற்காலியைச் சுழற்றினேன்.

மில்லராய் சன்னலைத் துடைத்தாள்.
கடலேற்றம் ஆற்றுக்குள் வந்திருந்தது.
இரண்டு மீன்பிடிப் படகுகள்
அருகருகே உயர்ந்துகொண்டிருந்தன.
"இதில் உட்கார்ந்தால் அது அசையாது.
அதில் உட்கார்ந்தால் இது."

ஒன்றை விலக்கினோம்.
மற்றதோடு,
உறவுமில்லாத, தொழிலும் ஒன்றாத
வேறு இரண்டைச் சேர்த்தோம்.
மூன்றுக்கும் பெருக்குச் சராசரி.
மறுபடி வகுத்தோம்.

ஒன்று புள்ளி பூஜ்யம் எட்டு.

பேராசிரியர் க்ரூகர் கண்ணாடியைக் கழற்றி
மேசையில் வைத்தார், மறுபடி மாட்டினார்.
மழை நின்றிருந்ததாக ஞாபகம்,
அல்லது யாரும் பேசாததால் அப்படித் தோன்றியிருக்கலாம்.

ஆக்டின் குழாயை நான் எறியவில்லை.
இன்று உறைபெட்டியில் அதைத் தேடியபோது
மூடியில் அவள் கையெழுத்து,
பனியில் பாதி அழிந்து:
பதினெட்டு டிகிரியில் இவனைக் கேட்காதே.
அதற்குக் கீழே, இன்னும் சிறிதாக,
இவனைப் பற்றிக் கேள்.