அட்டை

எனக்கு மூன்று அட்டை தெரியும்.
மழைக்காலத்தில் கணுக்காலில் ஒட்டுவது ஒன்று,
உப்பு வைத்தால் விழுந்துவிடும்.
மற்ற இரண்டும் தகரப்பெட்டியில் இருக்கின்றன.
ஒன்றில் நான் ஒச்சம்மாள், கணவர் சுருளிவேல்,
தேவாரம் பக்கத்து ஊர்.
இன்னொன்றில் ஓச்சம்மா, பர்த்தாவு சுருளி,
பூப்பாறை மேட்டு எஸ்டேட், லயம் பதினொன்று.
ரெண்டு போட்டோவிலும் ஒரே கம்மல்.

அங்கன்வாடி டீச்சர் ஓமனா வந்தார்.
குடையை மடக்காமலே சொன்னார்:
"சேச்சி, ரெண்டிலொண்ணு மதி."
ரெண்டு வைத்திருப்பது குற்றமாம்.
ரெண்டு பக்கமும் ஒரே நாளில் தேர்தல் வந்த வருஷம்
காலையில் அங்கே குத்திவிட்டு
பப்பாளிப் பால் தேய்த்து மையை அழித்து
மதியம் இங்கே குத்தியவர்கள் உண்டு.
நான் குத்தவில்லை.
ஜீப்பில் இடம் கிடைக்கவில்லை.

கொழுந்தன் மாயி போனில் கத்தினான்.
"மதினி, புத்தி கெட்டுப்போச்சா?
இங்கே ஒருத்தன் ரெண்டாயிரம், மத்தவன் ஆயிரத்தைந்நூறு.
அங்கே ஒரு கட்டஞ்சாயா வாங்கித் தருவானா?"
தரமாட்டான். அது உண்மைதான்.
போன தடவை வந்த கவரில்
மகளுக்கு நோட்டு வாங்கினேன்,
கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினேன்.
வாங்கவில்லை என்று யாரிடம் பொய் சொல்ல?
அதற்கப்புறம் அஞ்சு வருஷம்
சாக்கடை அடைத்தது என்று போய் நின்றால்
"அதான் குடுத்தாச்சே" என்பார்கள்,
பாக்கி தீர்ந்ததும் கடைக்காரன்
பேரின் மேல் கோடு கிழிப்பதைப் போல.

இந்தப் பக்கம் யோக்கியம் என்று நினைக்க வேண்டாம்.
எங்களுக்குக் கவர் வராது, அவ்வளவுதான்.
முதலாளி பங்களாவுக்கு ரெண்டு கொடிக் காரும் ஏறும்,
வேறு வேறு நாளில்.
இறங்கும்போது ரெண்டுக்கும் பின்பக்கம் தாழ்ந்திருக்கும்.
அடித்துக்கொள்வது லயத்தில் நாங்கள்தான்.
ஆறாம் நம்பர் வீட்டுச் சாவுக்கு
ஏழாம் நம்பர் போகவில்லை.
நடுவில் இருப்பது ஒரு கொடிக்கம்பம்.
மாலை வந்தது பங்களாவிலிருந்து.

அப்புறம் எதற்கு ஓட்டு என்றார் சுருளி.
எனக்கு மேடைப் பேச்சு வராது.
குழாய் பங்களாவோடு நின்ற காலம் ஞாபகம் இருக்கிறது.
லயத்தில் அப்போது முப்பத்தொன்பது தலை,
பட்டியலில் ஒரு பேர் இல்லை.
பேர் ஏறிய வருஷம்தான்
மெம்பருக்கு நிற்கும் ஒருத்தர்
முண்டை மடித்துக் கட்டிக்கொண்டு மேடேறி வந்தார்.
பெருவிரல் தொட்டு முழங்கால் வரை அட்டை.
நாங்கள் உப்பு கொடுத்தோம்.
குனிந்து பிடுங்கும்போதுதான்
ஓடைக்கரையில் குடங்களின் வரிசையைப் பார்த்தார்.
குழாய் வந்தது.
ஒருநாள் விட்டு ஒருநாள், அதுவும் மஞ்சளாக.
ஆனாலும் வந்தது.

டீச்சரிடம் தேவாரத்து அட்டையை நீட்டினேன்.
பாரத்தில் காரணம் எழுத ஒரு கட்டம் இருந்தது.
அவருக்குத் தோன்றியதை எழுதிக்கொண்டார்.
மாயி இன்னும் பேசுவதில்லை.

டிசம்பர். பள்ளிக்கூடத்துக்குள்ளேயே பனி.
காய் எடுக்கிற நாள் என்பதால்
சூப்பர்வைசர் பதினொரு மணி வரைதான் விட்டிருந்தான்.
மைக்குப்பி வைத்திருந்த பையன்
என் விரலைப் பார்த்துவிட்டுப் பக்கத்து நாற்காலியைப் பார்த்தான்.
நாலு மாதம் ஏலக்காய் பறித்த கறை,
நகக்கண் வரை கறுப்பு.
எங்கே வைப்பது என்று கேட்டான்.
முந்தானையை எச்சில் தொட்டுத் தேய்த்தேன்.
போகவில்லை.
பின்னால் ஆறாம் நம்பரும் ஏழாம் நம்பரும்
ஒருவர் முதுகை ஒருவர் பார்த்தபடி
பேசாமல் நின்றிருந்தார்கள்.

"கறைதானே தம்பி, மேலேயே வை."

வைத்தான்.
வைத்தது தெரியவில்லை.
காயும் வரை கொஞ்சம் குளிர்ந்தது.