மாத வருமானம்

படிவத்தில் ஒரு சின்னக் கட்டம்:
மாத வருமானம்.
களுவாஞ்சிக்குடி வங்கியில, ஏசிக் குளிரில
பேனையைப் பிடிச்சபடி இருக்கிறன்.

தையை எழுதவா, மாசியை எழுதவா?
தையில நான் சோஹார்ல,
எண்ணெய் ஆலையை நிப்பாட்டித் திருத்தக்குள்ள
முப்பத்தெட்டு நாள் சாரம் கட்டினவன்.
மாசியில பெரியகல்லாத்தில
போனுக்குச் சார்ஜ் போட்டதுதான் வேலை.
பங்குனி இன்னும் முடியல்ல.

"சராசரியா ஒண்டு போடுங்க அண்ணன்"
எண்டு சொல்லுது மேசைக்கு அங்கால இருக்கிற பிள்ளை.
சராசரியா எங்களுக்குப் பசிக்கிறதில்ல தங்கச்சி.

என்ட கணக்கு ரூபாயில இல்ல, நாளில.
காஸ் சிலிண்டர் அரை நாள்.
மகளிட டியூசன் ஒரு நாள்.
மாமாட திவசம் ரெண்டு நாள், ஐயருக்கும் சேர்த்து.
ஏஜென்சி நௌபலுக்கு ஐஞ்சு நாள்,
அது கேக்காமலே வெட்டுப்படும்.
வீட்டுச் சுவர் பூச இருபத்திரெண்டு நாள்.
அந்த இருபத்திரெண்டும் இன்னும்
எந்த நாட்டிலயும் விடியல்ல.

பிரபாஜினியிட கணக்கு வேற.
சீ.ஆர். கொப்பியில இடப்பக்கம் நான் இல்லாத நாள்,
வலப்பக்கம் நான் நிக்கிற நாள்.
இடப்பக்கம் சல்லி வரும்.
வலப்பக்கம் ஒரு ஆள் கூடச் சாப்பிடும்.

முதல் தரம் வந்து இறங்கின நேரம்
மாரியில முகத்துவாரம் வெட்டின மாதிரித்தான்.
மண்வெட்டியால கீறினது மட்டும் நாங்க,
மறுகா தண்ணி தானாய் அகலமாக்கிற்று.
மச்சானிட மோட்டர் சைக்கிளுக்கு முற்பணம்,
அம்மன் சடங்குக்கு ஒருநாள் பூசை எங்கட செலவில,
கடல்பக்க வளவுக்கு அச்சவாரம்,
அது போனது போனதுதான்.
நாலாங் கிழமை இறங்கிப் பார்த்தா
கணுக்காலும் நனையல்ல.

அதுக்குப் பிறகு அவள் போட்டது சட்டம்.
வந்த சல்லியைப் பிரிச்சு மூணு கவர்,
மேல மாதப் பேர், பசை போட்டு ஒட்டு.
மாசி பிறக்காம மாசியைக் கிழிக்கப்படாது.
மாதச் சம்பளக்காரர் எண்டு
நாங்களே எங்களுக்கு நடிச்சுக் காட்டினம்.
நல்லாத்தான் நடிச்சம்.
மாசி பத்தொன்பதில பங்குனியைக் கிழிச்சம்.
மகளுக்கு டெங்கு.
ஆசுபத்திரி இலவசம்;
ஓட்டோ இலவசமில்ல,
வெளியில எடுத்த இரத்தப் பரிசோதனை இலவசமில்ல.

கவர் தீர்ந்தா காப்பு.
ரெண்டு பவுண், அவளிட கலியாணக் காப்பு.
நான் பாலைவனத்தில நிக்கக்குள்ள அது அவளிட கையில,
நான் வீட்ட நிக்கக்குள்ள அது இரும்புப் பெட்டியில.
பதினொரு தரம் போய் வந்திற்று, பாஸ்போட் இல்லாம.
நானும் அதுவும் ஒரு கூரைக்குக் கீழ கிடக்கிறது
கவர்கள் இருக்குமட்டும்தான்.
தையில ஒருநாள் வீடியோ கோலில
ஒண்டும் கதைக்காம கையைத் தூக்கினாள்.
விளங்கிற்று: வந்திற்று.

போன் அதிருது. நௌபல்.
"ருவைஸ், நாப்பத்தைஞ்சு நாள், வெள்ளி இரவு பிளைட்,
மெடிக்கலுக்குச் சல்லி இண்டைக்கே வேணும்."
ஐப்பசியிலயும் இதே குரல்லதான் சொன்னவன்.
பேக்கைக் கட்டி வச்ச பிறகு, இரவு பத்து மணிக்கு,
"கென்சல் மச்சான், கொம்பனிப் பிரச்சினை."
மெடிக்கல் சல்லி அவனுக்கும் எனக்கும் இடையில
எங்கயோ நிக்குது இன்னும்.

இண்டைக்கு எந்தக் குரல் எண்டு
எப்பிடிக் கண்டுபிடிக்கிற?

படிவத்தை மடிச்சன்.
"பூசுற வேலைக்குப் பிறகு வாறன் தங்கச்சி,"
பிழையாச் சொன்னன், சுவர் பூசத்தான் கடனே.
அந்தப் பிள்ளை சிரிக்கல்ல.

அடுத்த யன்னல் அடகு.
சேட்டுப் பையில பிரபாஜினி தந்துவிட்ட கவர்.
மேல 'சித்திரை' எண்டு அவளிட எழுத்து,
உள்ளுக்கு வட்டமாய், கனமாய்.
கடன் கேக்கப் போறவனுக்கு
இதையும் ஏன் தந்தவள் எண்டு
காலையில நான் கேக்கல்ல.

கண்ணாடிக்கு அங்கால இருந்தவர்
தராசில வைக்கமுதலே நிறையை எழுதினார்.
பிறகுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார்.
"இந்த முறை எந்த நாடு?"