பணிமனைக்குப் போகும் வண்டி

பேர் வைக்கும்போதே யோசித்திருக்க வேண்டும்.
யாகொதா. எங்கள் மொழியில் பெர்ரிப் பழம்.
ஐந்து வயது முடிந்துவிட்டது.
இன்றுவரை ஒரு பழத்தையும்
நாக்கில் வைத்ததில்லை இந்தப் பழம்.

அவளுக்குச் சாப்பாடு என்றால் வெள்ளை.
ஓரம் நீக்கிய ரொட்டி.
வெண்ணெய் இருப்பது தெரியாத நூடுல்ஸ்.
உருளைக்கிழங்கும் உண்டு, ஆனால்
ஒரு கரும்புள்ளி கண்ணில் பட்டால்
மொத்தக் குடும்பத்தையும் ஒதுக்கிவைப்பாள்.
பீட்ரூட் சூப்பை முதலில் பார்த்த அன்று
"யாருக்கு அடிபட்டுச்சு?" என்று கேட்டாள்.

குளிர்பெட்டிக் கதவில் ஹல்ஷ்கா
ஓர் அட்டவணை ஒட்டியிருக்கிறாள்.
ஒரு காய்க்கு ஒரு நட்சத்திரம்.
நவம்பர் முழுக்க மேகமூட்டம்.

நான் க்தான்ஸ்கில் டிராம் ஓட்டுகிறவன், இரவுப் பணி.
சமையல் தெரியாது. தடம் தெரியும்.
ஜன்னலில் பனி அப்பிக்கிடந்த ஒரு மாலையில்
வெள்ளரிக்காயை நீளவாக்கில் பிளந்து
நடுவைக் கரண்டியால் வழித்தெடுத்தேன்: பெட்டி.
காரட் வில்லைகள் எட்டு: சக்கரம்.
நூல்கோலைச் சீவித் தண்டவாளம்.
மின்கம்பியைத் தொட ஒரு வெங்காயத்தாள்.
சிவப்புக் குடைமிளகாய்த் துண்டு பின்விளக்கு
(முன்னால் வைத்தால் என் வேலை போய்விடும்).
உள்ளே, அவித்த பட்டாணிகள் எட்டு,
இடம் பிடித்து உட்கார்ந்தன.

வந்தாள். ஒற்றைக் கண்ணால் பார்த்தாள்.
"ஏன் நிக்குது?"
"பனி."
தட்டு வெள்ளை. நம்பிவிட்டாள்.
அந்த நிறம் எனக்கு உதவியது அன்றுதான்.

குனிந்து ஒவ்வொருவரையும் அடையாளம் கண்டாள்.
குண்டாக இருப்பது பள்ளிக்கூடத்து ப்ரோனிஸ்வாவா டீச்சர்.
சுருங்கியிருப்பது மருந்துக் கடைக்காரர்.
தோல் கழன்று பிளந்து நிற்பது இரட்டையர்.
எனக்குப் பெருமை தாங்கவில்லை.
"சரி, இப்ப சாப்பிடு."

கொலைகாரனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.
"உள்ள ஆள் இருக்காங்க அப்பா."

சக்கரத்தையாவது?
"அப்புறம் எப்படிப் போகும்?"
விளக்கை?
"இருட்டாயிடுமே."
தின்பதற்காகச் செய்ததெல்லாம்
தேவையானதாகிவிட்டது.
பதினேழு வருடம் வண்டி ஓட்டியும்
இப்படி ஒரு தடங்கலைச் சந்தித்ததில்லை.
மணி எட்டரை. ஒன்பதரைக்கு நான் பணியில் இருக்க வேண்டும்.

அப்போது என் வாய், பழக்கதோஷத்தில்,
ஒவ்வொரு இரவும் சொல்வதைச் சொன்னது:
"கடைசி நிறுத்தம். எல்லோரும் இறங்கவும்.
வண்டி பணிமனைக்குப் போகிறது."

புரிந்துகொண்டாள். ஓட்டுநர் மகள் அல்லவா.
ஒருவர் ஒருவராகக் கை கொடுத்து
மேசை ஓரத்தில் இறக்கினாள்.
"பாத்து, வழுக்கும்."
யாராவது குடையை விட்டுப் போனார்களா என்று
உள்ளே விரலால் துழாவினாள்.
பிறகு காலி வண்டியைத் தூக்கி

கடித்தாள்.

ஹல்ஷ்கா மூச்சு விடவில்லை. நானும்.
வெகுநேரம் மென்றாள்.
"தண்ணியா இருக்கு," என்றாள்,
பாராட்டா புகாரா தெரியாத குரலில்.
இன்னொரு கடி.
சக்கரங்களைத் தொடவில்லை. நியாயம்தான்,
எங்கள் பணிமனையிலும் அதற்குத் தனி அலமாரி உண்டு.

அன்றிரவு கடைசி நிறுத்தத்தில்
தொப்பியில் பனியோடு தூங்கிக்கொண்டிருந்தவரைத்
தோள் தொட்டு எழுப்பினேன்.
"பாத்து, வழுக்கும்" என்றேன்.
அவர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு இறங்கினார்.

காலையில் வீடு திரும்பியபோது
மேசை ஓரத்தில் இன்னும் காத்திருந்தார்கள்,
விடிய விடிய வாடி.
எண்ணினேன். இரட்டையரை ஒன்றாக வைத்தாலும்
ஏழுதான் வந்தது.
மருந்துக் கடைக்காரரைக் காணோம்.

"வீட்டுக்குப் போயிட்டார்," என்றாள் யாகொதா,
ஒரு காலில் மட்டும் காலுறையோடு.
எங்கே வீடு என்று நான் கேட்கவில்லை.

குளிர்பெட்டியருகே ஹல்ஷ்கா
பேனாவின் மூடியைத் திறந்தபடி நிற்கிறாள்.
ஒரு பட்டாணிக்கு
முழு நட்சத்திரம் தரலாமா?